பீரங்கி எட்டும் தூரத்தில் ஓர் ஊர்

மணிலாவின் பினோண்டோ பகுதியைப் பற்றி யார் எழுதினாலும் "உலகின் மிகப் பழைய சைனாடவுன்" என்றுதான் தொடங்குகிறார்கள். 1594-ல் உண்டான ஊர், மறுப்பதற்கு ஒன்றுமில்லை. எனக்கு என்னவோ ஓர் ஊர் எத்தனை பழையது என்பதைவிட, அது ஏன் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று கேட்பதில்தான் ருசி. பினோண்டோ விஷயத்தில் பதில் கொஞ்சம் பச்சையானது. மதிலுக்கு வெளியே, ஆற்றுக்கு அக்கரையில், ஆனால் கோட்டையிலிருந்து சுட்டால் குண்டு போய் விழும் தூரத்துக்குள் இருக்க வேண்டும் என்று பார்த்து வைத்த ஊர் அது.

லகுனா ஏரியில் புறப்படும் பாசிக் ஆறு சுமார் 25 கிலோமீட்டர் ஓடி மணிலா விரிகுடாவில் கலக்கிறது. கடலைத் தொடும் முன் அதன் தென்கரையில் இன்ட்ராமுரோஸ், அதாவது ஸ்பானியர்கள் கட்டிய மதில் நகரம். நேர் எதிரே வடகரையில் பினோண்டோ. இன்றைய மணிலாவின் 16 நிர்வாகப் பகுதிகளில் இதுவும் ஒன்று. பரப்பளவு முக்கால் சதுர கிலோமீட்டர்கூடக் கிடையாது. மேற்கே சான் நிக்கோலாஸ், வடக்கே தோண்டோ, கிழக்கே சாந்தா குரூஸ். ஒரு காலத்தில் சான் நிக்கோலாஸும் பினோண்டோவுக்குள்தான் இருந்தது. எங்கே எது முடிகிறது என்று உள்ளூர்க்காரர்களைக் கேட்டால் ஆளுக்கு ஒரு தெருவைக் காட்டுவார்கள்.

தரை தட்டை, வண்டல் மண். அதைக் கீறிக்கொண்டு எஸ்டெரோ என்று இங்கே சொல்லும் கால்வாய்கள் ஓடுகின்றன. கடல் ஏறும்போது அவற்றிலும் தண்ணீர் ஏறும், இறங்கும்போது இறங்கும். சாலைகள் சேறாகக் கிடந்த காலத்தில் இந்தக் கால்வாய்கள்தான் சாலை. சீனக் கப்பல்களின் சரக்கைப் படகுகளில் மாற்றி, கிடங்கின் பின்வாசலிலேயே கொண்டுவந்து இறக்கலாம். பிலிப்பைன்ஸ் எழுத்தாளர் ஹொசே ரிசால் தன் முதல் நாவலைப் பினோண்டோவின் அன்லோகே தெருவில் ஒரு பணக்கார வீட்டு விருந்தில்தான் தொடங்குகிறார். அந்த வீட்டை ஒட்டி ஓடும் கால்வாயைப் பற்றிச் சொல்லும்போது, குளிப்பது, துவைப்பது, மீன் பிடிப்பது, கழிவை விடுவது, படகு விடுவது, தேவைப்பட்டால் குடிக்க மொள்வது என்று எல்லாம் அந்த ஒரே தண்ணீரில் நடப்பதைக் கிண்டலாக அடுக்குவார். இப்போது குடிப்பதும் இல்லை, குளிப்பதும் இல்லை. மற்றபடி கறுத்த தண்ணீரும் வாடையும் அப்படியே இருக்கின்றன. பெருமழை பெய்தால் கால்வாய் தெருவுக்கு வந்துவிடுகிறது.

சரி, சீனர்கள் ஏன் இங்கே வந்தார்கள்? ஸ்பானியர்கள் மணிலாவைத் தலைநகராக்கியது 1571-ல். அதற்கு முன்பே சீனாவின் ஃபூஜியன் கரையிலிருந்து வியாபாரிகள் வந்து போய்க்கொண்டுதான் இருந்தார்கள். ஸ்பானியர்கள் வந்த பிறகு மெக்சிகோவின் அகாபுல்கோவிலிருந்து வருடாவருடம் கப்பல் நிறைய வெள்ளி வந்து இறங்கியது. அந்த வெள்ளிக்குச் சீனப் பட்டும் பீங்கானும் வாங்கித் திரும்ப ஏற்றினார்கள். 1815 வரை இரண்டரை நூற்றாண்டு இந்தக் கப்பல் போக்குவரத்து நடந்தது. வியாபாரிகளோடு தச்சர், கொத்தர், தையல்காரர், செருப்பு தைப்பவர், ரொட்டி சுடுபவர், மீன்காரர் எல்லோரும் வந்தார்கள். மதிலுக்குள் இருந்த ஸ்பானியர்கள் சில நூறு பேர். வெளியே சீனர்கள் ஆயிரக்கணக்கில் பெருகிக்கொண்டே போனார்கள். 1574-ல் லிமாஹோங் என்ற சீனக் கடற்கொள்ளைக்காரன் மணிலாவைத் தாக்கி, கிட்டத்தட்டப் பிடித்தே விட்டிருந்தான். அந்தப் பயம் ஸ்பானியர்களுக்குப் போகவே இல்லை. இவர்கள் இல்லாமல் ஒரு வேளைச் சோறு நடக்காது, இவர்களை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கவும் முடியாது. அதனால் 1581 வாக்கில் மதிலுக்கு வெளியே பாரியான் என்று ஒரு குடியிருப்பை ஒதுக்கி, சீனர்கள் அங்கேதான் இருக்க வேண்டும் என்றார்கள். கோட்டைப் பீரங்கிகள் எப்போதும் அந்தப் பக்கம் பார்த்தபடி இருந்தன.

இதற்குப் பிறகு வரும் கதையை ஒரு நாவலில் எழுதினால், நம்பும்படி இல்லை என்று பதிப்பாளர் திருப்பி அனுப்பிவிடுவார்.

1593 அக்டோபர். மணிலாவின் ஆளுநர் கோமெஸ் பெரெஸ் தாஸ்மரினாஸ், கிராம்பு விளையும் மொலுக்கா தீவுகளைப் பிடிக்கப் படையோடு கிளம்புகிறார். கப்பலுக்குத் துடுப்பு வலிக்க ஆள் வேண்டும். பாரியான் சீனர்களில் சுமார் 250 பேரைக் கட்டாயப்படுத்தி ஏற்றுகிறார்கள். காற்று எதிராக இருக்கிறது. வேகம் போதவில்லை என்று அடியும் உதையும் விழுகிறது. ஒரு ராத்திரி, கப்பல் மணிலாவுக்குத் தெற்கே கரையோரம் நின்றபோது, துடுப்புக்காரர்கள் எழுந்து தூங்கிக்கொண்டிருந்த ஸ்பானியர்களை வெட்டினார்கள். சத்தம் கேட்டு வெளியே தலையை நீட்டிய ஆளுநரும் தப்பவில்லை. கப்பலை அப்படியே ஓட்டிக்கொண்டு வியட்நாம் கரைப் பக்கம் போய்விட்டார்கள்.

அப்பாவின் இடத்துக்கு மகன் லூயிஸ் வருகிறார். அடுத்த ஆண்டே, ஆற்றின் வடகரையில் நிலம் வாங்கி, ஞானஸ்நானம் பெற்ற சீனர்களுக்கும் அவர்கள் சந்ததிக்கும் நிரந்தரமாக எழுதிக் கொடுக்கிறார். வரிச்சலுகை உண்டு, தங்கள் விவகாரங்களை ஓரளவு தாங்களே பார்த்துக்கொள்ளும் உரிமையும் உண்டு. அதுதான் பினோண்டோ. தகப்பனைக் கொன்ற கூட்டத்துக்கு மகன் ஊர் கட்டிக் கொடுத்தான் என்று நெகிழ்ந்துவிட வேண்டாம். லூயிஸ் பக்திமான், தொமினிக்கன் சபைச் சாமியார்களின் பேச்சைத் தட்டாதவர் என்பது ஒரு காரணம். கணக்கும் இருந்தது. மதம் மாறி, உள்ளூர்ப் பெண்ணைக் கட்டி, குடும்பமாகிவிட்ட சீனன் கலகத்துக்குப் போக மாட்டான் என்று நினைத்தார்கள். மாறாதவன் பாரியானிலேயே கிடக்கட்டும், மாறியவன் அக்கரைக்குப் போகட்டும் என்று பிரித்தார்கள்.

கலகம் ஒன்பது வருடத்தில் வந்தது. 1603 மே மாதம் சீனாவிலிருந்து மூன்று அதிகாரிகள் வந்து இறங்கினார்கள். கவித்தே பக்கத்தில் தங்கமலை ஒன்று இருக்கிறதாமே, அதைப் பார்க்க வந்தோம் என்றார்கள். இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? படையெடுப்புக்கு வேவு பார்க்கிறார்கள் என்று ஸ்பானியர்கள் மதிலைப் பலப்படுத்த ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்த சீனர்கள், நம்மைக் கொல்லத்தான் ஏற்பாடு என்று நினைத்தார்கள். ஒருவர் பயம் மற்றவர் பயத்தைத் தின்று வளர்ந்து, அக்டோபர் மாதம் வெடித்தது. அப்போது பதவியை விட்டு பினோண்டோவிலேயே வசித்து வந்த லூயிஸ், நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கலகக்காரர்களை அடக்கப் புறப்பட்டார். தோண்டோ பக்கத்துச் சதுப்பில் மாட்டிக்கொண்டார்கள். ஏறக்குறைய யாரும் திரும்பவில்லை, லூயிஸும்தான்.

பின்னால் நடந்த பழிவாங்கலில் செத்த சீனர்கள் 15,000 முதல் 25,000 வரை என்று கணக்குகள் வேறுபடுகின்றன. ஸ்பானியர்களோடு உள்ளூர்ப் படைகளும் ஜப்பானியக் குடியேறிகளும் சேர்ந்து துரத்தித் துரத்திக் கொன்றார்கள். அப்போது மணிலாவில் உயர் அதிகாரியாக இருந்த அந்தோனியோ தெ மோர்கா இதற்குப் பிந்தைய நிலைமையை எழுதி வைத்திருக்கிறார். ஊரில் தின்ன ஒன்றும் கிடைக்கவில்லை, என்ன விலை கொடுத்தாலும் காலுக்குச் செருப்பு கிடைக்கவில்லை என்கிறார். சுட்டவர்களுக்கே சோறு இல்லை. ஓரிரு வருடத்தில் கப்பல்கள் மறுபடி வந்தன, கடைகள் திறந்தன, பாரியான் நிரம்பியது. 1639-ல் மறுபடி கொலை, மறுபடி இருபதாயிரம் பேர் அளவில். 1662-ல் தைவானைப் பிடித்திருந்த சீனத் தளபதி கோக்ஸிங்கா மணிலாவிடம் கப்பம் கேட்டதால் மறுபடி. கொல்வார்கள், பசிப்பார்கள், கூப்பிடுவார்கள். பதினேழாம் நூற்றாண்டு மணிலாவின் பொருளாதாரக் கொள்கை என்று வேறு எதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

ஊரின் முதல் புனிதரும் இந்தச் சூழலில் வந்தவர்தான். சீன அப்பாவுக்கும் தகாலோக் அம்மாவுக்கும் பினோண்டோவில் பிறந்தவர் லொரென்சோ ரூயிஸ். தேவாலயத்தில் கோயில்பிள்ளையாக வேலை, அழகான கையெழுத்து, மனைவி மக்கள் என்று நிம்மதியாக இருந்தவர்மேல் 1636-ல் ஒரு ஸ்பானியனைக் கொன்றதாகப் பழி விழுந்தது. சீன ரத்தம் உள்ளவனுக்கு எப்படிப்பட்ட விசாரணை கிடைக்கும் என்று அவருக்குத் தெரியாதா? கிளம்பிக்கொண்டிருந்த தொமினிக்கன் சாமியார்களின் கப்பலில் ஏறிவிட்டார். அது போனது கிறிஸ்தவர்களைச் சித்திரவதை செய்துகொண்டிருந்த ஜப்பானுக்கு. நாகசாகியில் தலைகீழாகக் குழியில் தொங்கவிட்டும் விசுவாசத்தை மறுதலிக்காமல் 1637 செப்டம்பரில் இறந்தார். 1987-ல் இரண்டாம் ஜான் பால் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். பிலிப்பைன்ஸின் முதல் புனிதர். தூக்குக்குப் பயந்து ஓடியவர் வேதசாட்சியாகச் செத்தார் என்பதைப் பினோண்டோக்காரர்கள் மறைப்பதில்லை. அதனாலேயே அவரை அவர்களுக்குப் பிடிக்கிறது என்று தோன்றுகிறது.

அந்த தேவாலயத்தின் எண்கோண மணிக்கூண்டு இன்றும் நிற்கிறது. 1596-ல் தொடங்கிய கோயில், பலமுறை இடிந்து எழுந்தது. அப்படி அது அடிபட்ட சந்தர்ப்பங்களில் ஒன்றில் நம்மவர்களுக்கும் பங்கு உண்டு. இதைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

1762-ல் மணிலாவைப் பிடித்த ஆங்கிலேயப் படை புறப்பட்டது சென்னையிலிருந்து. ஸ்பெயினும் இங்கிலாந்தும் போரில் இறங்கிய செய்தி மணிலாவுக்கு எட்டும் முன்பே, வில்லியம் டிரேப்பர் தளபதியாகவும் சாமுவேல் கார்னிஷ் கடற்படைத் தலைவராகவும் புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து கப்பல்கள் கிளம்பிவிட்டன. கம்பெனியின் சிப்பாய்கள் 600 பேர் போல அதில் இருந்தார்கள். அக்டோபர் 6-ம் தேதி மதில் விழுந்தது. ஊரைக் கொள்ளையடித்தார்கள். சென்னைக் கவுன்சிலில் இருந்த டாசன் டிரேக் மணிலாவின் ஆளுநராக உட்கார்ந்தார். அந்தச் சண்டையில் பினோண்டோ தேவாலயமும் சேதமானது. 1764 வரை ஆங்கிலேயர் இருந்தார்கள். திரும்பிப் போகும்போது சிப்பாய்களில் பலர் கப்பலேறவில்லை. மணிலாவுக்குக் கிழக்கே கைந்தா, தாய்தாய் என்ற ஊர்களில் உள்ளூர்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டார்கள். அங்கே தங்களைச் சிப்பாய் வம்சம் என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் இப்போதும் உண்டு. அந்தச் சிப்பாய்கள் தென்னிந்தியாவின் எந்தெந்த ஊர்க்காரர்கள், என்னென்ன பேசினார்கள் என்பதெல்லாம் எவ்வளவு சுவாரசியமான ஆராய்ச்சி! நம் பல்கலைக்கழகங்களில் யாராவது கையில் எடுக்கலாம்.

சண்டைக்கு முன்பே வியாபாரம் இருந்தது. ஆங்கிலேயர் மணிலாவில் வெளிப்படையாக வியாபாரம் செய்ய ஸ்பெயின் அனுமதிக்கவில்லை. அதனால் சோழமண்டலக் கரையின் துணி, ஆர்மீனியர் போன்றவர்களின் பெயரில் மணிலாவுக்குப் போனது. அங்கிருந்து ஒரு பங்கு அகாபுல்கோ வரைக்கும் போனது. சென்னை ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் மணிலா வியாபாரத்தில் பெரும் பணம் சேர்த்தவர். சைதாப்பேட்டையில் அடையாற்றின்மேல் 1726-ல் மர்மலாங் பாலத்தைக் கட்டியவர் அவர்தான். பரங்கிமலைக்கு ஏறும் படிகளும் அவர் உபயம். சைதாப்பேட்டையில் வளர்ந்த எனக்கு இது மணிலாவுக்கு வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. பாசிக் ஆற்றங்கரையில் சம்பாதித்த பணம் அடையாற்றங்கரையில் பாலமாகியிருக்கிறது.

ஆங்கிலேயர் வந்தபோது சீனர்களில் பலர் அவர்கள் பக்கம் சாய்ந்தார்கள். ஸ்பானியர்கள் அதை மறக்கவில்லை. ஆங்கிலேயர் போனதும் பழி வாங்கும் படலம், வெளியேற்றும் உத்தரவு. பெரும்பாலான சீனர்கள் போக, பினோண்டோவின் கடைகளையும் கிடங்குகளையும் பிடித்துக்கொண்டவர்கள் மெஸ்திசோக்கள், அதாவது சீன அப்பனுக்கும் உள்ளூர் அம்மாவுக்கும் பிறந்த கத்தோலிக்கக் குடும்பங்கள். லூயிஸ் தாஸ்மரினாஸ் போட்ட கணக்கு இங்கேதான் பலித்தது, அதுவும் அவர் நினைத்தே பார்க்காத விதத்தில். இந்தக் கூட்டம் பணம் சேர்த்தது, நிலம் வாங்கியது, பிள்ளைகளைப் படிக்க வைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்பெயினைக் கேள்வி கேட்ட படித்தவர்களில் நிறையப் பேர் இந்த வழியில் வந்தவர்கள். ரிசாலுக்கே சீன மூதாதை உண்டு.

1834-ல் மணிலா துறைமுகம் வெளிநாட்டு வியாபாரத்துக்குத் திறந்தது. பாரியானை 1860-ல் இடித்தார்கள். பிறகு எல்லாம் வடகரைதான். சர்க்கரை, சணல் போன்ற அபாக்கா நார், புகையிலை. சுருட்டு ஆலைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை பார்த்தார்கள். ஆங்கிலேய, ஜெர்மன், அமெரிக்கக் கம்பெனிகள் கிடங்கு போட்டன. தோண்டோவில் பிறந்த ஆந்த்ரேஸ் போனிஃபாசியோ பினோண்டோவின் நுயேவா தெருவில் ஒரு ஜெர்மன் கம்பெனிக் கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டுதான் ரகசியப் புரட்சிச் சங்கத்தை நடத்தினார்.

எஸ்கோல்டா தெருதான் அந்தக் காலத்து மினுக்கு. 1897-ல் நாட்டின் முதல் சலனப்படக் காட்சிகள் அங்கே நடந்தன. 1932-ல் கிரிஸ்டல் ஆர்க்கேட் என்று கண்ணாடியும் ஏசியுமாக ஒரு வணிக வளாகத்தை, புகழ்பெற்ற ஓவியர் ஹுவான் லூனாவின் மகன் ஆந்த்ரேஸ் லூனா தெ சான் பெத்ரோ கட்டினார். அது போரில் நொறுங்கியது, மிச்சத்தை 1960-களில் இடித்தார்கள். அவரே கட்டிய இன்னொரு கட்டடம் இப்போது ஃபர்ஸ்ட் யுனைடெட் பில்டிங் என்ற பெயரில் நிற்கிறது. உள்ளே இளைஞர்கள் பழைய பொருள் கடை, அச்சுக் கலை, காபி என்று ஏதேதோ நடத்துகிறார்கள். வங்கிகளும் பெரிய கடைகளும் பக்கத்து நகரமான மக்காத்திக்குக் குடிபெயர்ந்த பிறகு தெரு விழுந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போனால் இருபக்கமும் மாளிகைகள், நடுவில் நாமும் ஒரு காவலாளியும்தான்.

1945 பிப்ரவரிப் போர் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். இங்கே இவ்வளவு போதும்: பின்வாங்கிய ஜப்பானியர் கட்டடங்களுக்குத் தீ வைத்தார்கள், பாசிக் ஆற்றுப் பாலங்களை வெடி வைத்துத் தகர்த்தார்கள். தேவாலயம் அதற்கு முந்தைய செப்டம்பரிலேயே அமெரிக்கக் குண்டுவீச்சில் எரிந்து, சுவரும் மணிக்கூண்டும் மட்டும் மிஞ்சியிருந்தன.

சீனர்கள் விஷயத்தில், கத்தியைக் கீழே போட்ட பிறகு சட்டத்தை எடுத்தார்கள். ஸ்பெயினுக்குப் பிறகு ஆட்சிக்கு வந்த அமெரிக்கர்கள் 1902-ல் தங்கள் நாட்டுச் சீனர் தடைச் சட்டத்தை இங்கேயும் நீட்டினார்கள். 1921-ல் கடைக் கணக்குகளைச் சீனத்தில் எழுதக்கூடாது, ஆங்கிலத்திலோ ஸ்பானிஷிலோ உள்ளூர் மொழியிலோதான் எழுத வேண்டும் என்று ஒரு சட்டம். பினோண்டோ வியாபாரிகள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனார்கள், 1926-ல் ஜெயித்தார்கள். 1954-ல் சுதந்திர பிலிப்பைன்ஸ், சில்லறை வியாபாரம் குடிமக்களுக்கு மட்டும் என்றது. ஏற்கெனவே கடை வைத்திருக்கும் வெளிநாட்டவர் சாகும்வரை நடத்திக்கொள்ளலாம், அதோடு சரி. குடியுரிமையும் சுலபத்தில் கிடைக்காது. 1975-ல் அதிபர் மார்க்கோஸ் பெய்ஜிங்கோடு உறவு வைக்கப் போகும் நேரத்தில்தான் அந்த வழியைத் திறந்துவிட்டார். சில்லறைக் கடை போனவர்கள் ஆலை வைத்தார்கள், மொத்த வியாபாரம் செய்தார்கள், வங்கி நடத்தினார்கள். இன்று நாட்டின் பெரும் பணக்காரர்கள் பட்டியலை எடுத்தால் பாதிப் பெயர்களுக்கு மேல் இந்த வழிதான். சட்டம் போட்டவர்கள் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

என் அலுவலகத் தோழி ஒருவரின் தாத்தா ஃபூஜியனிலிருந்து வந்து சின்னப் பலசரக்குக் கடை வைத்தவர். 1954 சட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "தாத்தா இருந்தவரைக்கும் கடை அவர் பேர்ல. அப்புறம் குடியுரிமை இருந்த சொந்தக்காரர் பேர்ல. எங்க அப்பா தன் கடையிலேயே சம்பளக்காரர் மாதிரி கையெழுத்துப் போட்டாராம்" என்றார், சிரித்துக்கொண்டே.

அவரோடு ஒருமுறை ஓங்பின் தெருவில் நடந்தேன். கரியேதோ ரயில் நிலையத்தில் இறங்கி, சாந்தா குரூஸ் தேவாலயத்தின் பக்கம் தொடங்கினால், தெரு பினோண்டோ தேவாலயத்தில் போய் முடிகிறது. ஆரம்பத்தில் ஒரு கோயில், கடைசியில் ஒரு கோயில், நடுவில் முழுக்க நகைக்கடை, மருந்துக்கடை, சாப்பாட்டுக் கடை. நகைக்கடை வாசல்களில் நீளத் துப்பாக்கியோடு காவலாளிகள். தலைக்குமேல் மின்கம்பிகளும் கேபிள்களும் சிக்குப் பிடித்த கூந்தலாகத் தொங்குகின்றன. தெருவுக்குப் பெயர் கொடுத்த ரோமான் ஓங்பின் இங்கே எல் 82 என்று கடை வைத்திருந்தவர், புரட்சிக்குப் பணம் கொடுத்தவர். அவர் கடையில் பேரம் கிடையாது, ஒரே விலை. அவர் பெயர் வைத்த தெருவில் அவர் கொள்கையை யாரும் பின்பற்றுவதாகத் தெரியவில்லை. பம்பளிமாஸ் விற்ற அம்மாவிடம் தோழி ஐந்து நிமிஷம் ஃபூஜியன்காரர்களின் ஹொக்கியன் மொழியில் வாதாடி விலையைக் குறைத்தார். நான் கேட்டிருந்தால் என்ன விலை சொல்லியிருப்பார் என்பது வேறு விஷயம்.

ஓங்பினும் சான் நிக்கோலாஸ் தெருவும் கூடும் இடத்தில் சுவரை ஒட்டி ஒரு சிலுவைத் தலம். சாந்தோ கிறிஸ்தோ தெ லோங்கோஸ். ஊமையாக இருந்த ஒரு சீனருக்குக் கிணற்றில் சிலுவை கிடைத்தது, அதன் பிறகு அவருக்குப் பேச்சு வந்தது என்பது கதை. அங்கே இருக்கும் இரண்டு சிலுவைகளுக்கும் மல்லிகை போன்ற சம்பகீத்தா மாலைகள் சார்த்தியிருக்கிறார்கள். முன்னால் மணல் நிரப்பிய ஊதுபத்திச் சட்டி. அலுவலகப் பையோடு வந்த ஒருவர் சிலுவைக்குறி போட்டார், மூன்று ஊதுபத்திகளை இரண்டு கையிலும் பிடித்து மூன்று முறை குனிந்து கும்பிட்டார், சட்டியில் குத்தினார், மறுபடி சிலுவைக்குறி போட்டுவிட்டுப் போனார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "சாமியார்கள் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?" என்று தோழியைக் கேட்டேன். "அவங்க நானூறு வருஷமா சொல்லிட்டுதான் இருக்காங்க" என்றார். அவர் வீட்டில் மாதா படமும் சீனர்கள் கும்பிடும் குவான் யின் அம்மன் சிலையும் ஒரே அலமாரியில் இருக்கிறதாம். "ரெண்டு பேருமே அம்மாக்கள், சண்டை வராது."

சாப்பாட்டைச் சொல்லாமல் பினோண்டோவை முடித்தால் அடிக்க வருவார்கள். சைவக்காரர்களுக்குக் கஷ்டம்தான், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். புது லும்பியா என்று மெல்லிய மாவு உறையில் காய், கடல்பாசி, இடித்த வேர்க்கடலை வைத்துச் சுருட்டித் தருவார்கள். உள்ளே இறைச்சியோ இறாலோ இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். ஹோப்பியா என்ற பூரணம் வைத்த பலகாரத்தைப் பயப்படாமல் சாப்பிடலாம் என்று நினைக்காதீர்கள், அடுக்கடுக்கான மேல் மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு. பாசிப்பயறு பூரணம் வைத்தது நன்றாக இருக்கும். வெண்பூசணியை வைத்தும் ஒன்று செய்கிறார்கள். கார்வஹால் என்ற சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். அதற்குள் மீன், கீரை, ஊறவைத்த கடல் அட்டை, பொரித்த டோஃபு எல்லாம் குடைகளுக்குக் கீழே விற்கிறார்கள். காலையில் போவது நல்லது.

எங் பீ தின் என்ற ஹோப்பியாக் கடை 1912-லிருந்து இருக்கிறது. நொடித்துப் போகிற நிலையில் இருந்த அந்தக் கடையைத் தூக்கி நிறுத்தியது ஊதா நிற உபே கிழங்குப் பூரணம். அந்த லாபத்தில் ஒரு பங்கு தீயணைப்பு வண்டிகளுக்குப் போனது. அதனால் பினோண்டோவில் ஊதா நிறத் தீயணைப்பு வண்டிகளைப் பார்க்கலாம். பிலிப்பைன்ஸ் சீனர்களின் தன்னார்வத் தீயணைப்புப் படைகள் பழமையானவை. நெருக்கமான கிடங்குகள், காகிதமும் துணியும் அடைத்த மாடிகள், வண்டி நுழையாத சந்துகள், அரசாங்கத்து வண்டிகள் போதாத நகரம். அவர்களே சங்கம் வைத்து, வண்டி வாங்கி, ரேடியோ வைத்துக்கொண்டார்கள். கடை முதலாளிகளும் கணக்குப்பிள்ளைகளும் மணி அடித்தால் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். தங்கள் பகுதிக்குள் மட்டும் இல்லை, தோண்டோவின் குடிசைப் பகுதிகளில் தீ என்றாலும் பல சமயம் முதலில் போய் நிற்பது இவர்கள்தான்.

ஆற்றுக்குத் திரும்பி வருகிறேன். 1630-களில் போட்ட பழைய பாலம் 1863 ஜூன் பூகம்பத்தில் சேதமானது. அதன் இடத்தில் ஸ்பெயின் பாலம் 1875-ல் வந்தது. அமெரிக்கர் காலத்தில் ஹுவான் அரெயானோ வடிவமைத்த ஜோன்ஸ் பாலம் வந்தது. போரில் அது தகர்ந்து, அவசரத்தில் மொட்டையாகக் கட்டப்பட்டு, 2019-ல்தான் விளக்குத் தூண்களும் சிலைகளுமாகப் பழைய அழகுக்கு அருகே கொண்டுவந்தார்கள். 2022 ஏப்ரலில் இன்னொரு பாலம் திறந்தார்கள். பினோண்டோவிலிருந்து நேராக இன்ட்ராமுரோஸுக்கு. பணம் சீன அரசாங்கத்தின் நன்கொடை. மதில் நகரத்தின் பழமையைப் பாலத்தின் ஏறுசாய்வு கெடுத்துவிடும் என்று பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கிறவர்கள் எதிர்த்தார்கள். அந்த வாதத்தில் நியாயம் இருந்தது, எனக்கும் அந்த வளைவு பிடிக்கவில்லை. போக்குவரத்து குறைந்ததா என்றால், ஓங்பினில் வண்டிகள் அன்றும் நகரவில்லை, இன்றும் நகரவில்லை. ஆனால் நடைபாதை நன்றாக இருக்கிறது. பினோண்டோவில் வயிறு முட்டச் சாப்பிட்டவர்கள் அதன் வழியே நடந்து, பத்துப் பதினைந்து நிமிஷத்தில் இன்ட்ராமுரோஸில் இருக்கும் சாந்தியாகோ கோட்டை வாசலுக்குப் போய்விடலாம். உள்ளே போகச் சீட்டு வாங்க வேண்டும்.